நம்பரை மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள்

“மேடம், நல்லா இருக்கீங்களா? நான் மெக்கானிக்கல், உங்க ஸ்டூடன்ட்தான். ஞாபகம் இருக்கா?” என்று புது நம்பரிலிருந்து போன் வந்தால் அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். “வேலை போயிடுச்சு மேடம். உங்களுக்குத் தெரிஞ்சு எங்கயாவது ஓப்பனிங் இருக்கா?”

தென் மாவட்டம் ஒன்றில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பிள்ளைகளுக்கு வேலை தேடித் தருகிற பிரிவைப் பார்க்கிறேன். ப்ளேஸ்மென்ட் ஆபீசர் என்றால் எல்லோருக்கும் புரியும். இறுதியாண்டுப் பிள்ளைகள்தான் என் பொறுப்பு. ஆனால் எனக்கு வருகிற போன்களில் நிறைய, படிப்பை முடித்து ஐந்தாறு வருஷம் ஆனவர்களிடமிருந்து வருகின்றன. கூப்பிடுகிறார்களே என்று எனக்கு வருத்தம் இல்லை. என் பிள்ளைகள், கூப்பிடட்டும். என் ஆற்றாமை வேறு. ஆறு வருஷம் சென்னையில் வேலை பார்த்தவன், இரண்டு மூன்று ப்ராஜெக்ட் மாறியவன், வெளிநாட்டு கிளையன்டோடு தினமும் பேசியவன். அவனுக்கு வேலை போனதும் கூப்பிட்டுக் கேட்க இருக்கிற ஒரே ஆள், ஊரில் பழைய கல்லூரியில் உட்கார்ந்திருக்கிற நான்தானா? எனக்குத் தெரிந்த நிறுவனங்கள் எல்லாம் ஃப்ரெஷர் எடுக்க வருகிறவை. ஆறு வருஷ அனுபவம் உள்ளவனுக்கு நான் எங்கே போவேன்?

“உன்கூட வேலை பாத்தவங்களைக் கேட்டியாப்பா?” என்றால் ஒரே பதில்தான். “அவங்களோட டச் இல்ல மேடம்.” ப்ராஜெக்ட் முடிந்த அன்றே குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டானாம். முதல் மேனேஜர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார், எங்கே என்று தெரியாது. பக்கத்து இருக்கையில் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்த பெண் இப்போது பெங்களூரில் இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். இவனும் நடுவில் நம்பரை மாற்றிவிட்டான். மாற்றியதை யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு இது விளங்கவே இல்லை. இந்தப் பிள்ளைகள் எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள்? மொய் நோட்டு வைத்திருக்கிற வீட்டிலிருந்து. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் காதுகுத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்று கோடு போட்ட நோட்டில் ஊர் பெயரோடு எழுதிவைத்து, அந்த வீட்டு விசேஷத்துக்குப் பஸ் பிடித்துப் போய்த் திருப்பிச் செய்கிறவர்கள் இவர்களுடைய அப்பா அம்மா. வருஷம் முழுக்கப் பேசிக்கொள்ளாவிட்டாலும் அந்த நோட்டு உறவைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போன இடத்தில் தினமும் எட்டு மணி நேரம் சேர்ந்திருந்தவர்களில் ஒருவர் பெயரைக்கூடக் குறித்துவைக்காமல் எழுந்து வருகிறது என்றால், தவறு பிள்ளையிடம் மட்டும் இல்லை. வேலை செய்கிற இடத்தில் கிடைக்கிற மனிதர்களும் வாழ்க்கைக்கு வேண்டியவர்கள் என்று அதற்கு யாரும் சொல்லவே இல்லை.

ஐ.டி. நிறுவனங்களில் ஆள் எடுப்பது எப்படி நடக்கிறது என்று பெற்றோருக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு டீமுக்கு ஆள் தேவை என்றால் முதலில் பெஞ்சில் யாராவது சும்மா இருக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். இல்லையென்றால் அந்தத் தேவை நிறுவனத்துக்குள்ளேயே ஊழியர்கள் பார்க்கும்படி அறிவிக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் ஒருவர் தனக்குத் தெரிந்த ஆளின் ரெஸ்யூமை அங்கே ஏற்றலாம். இதுதான் ரெஃபரல். வந்து சேர்ந்தவர் சொன்ன காலம் வரை நிலைத்து நின்றால், சொல்லிவிட்டவருக்கு ஊக்கத்தொகையும் பல இடங்களில் உண்டு. நௌக்ரியிலோ லிங்க்ட்இன்னிலோ விளம்பரம் உங்கள் கண்ணில் படுகிறபோது, உள்ளே சில பெயர்கள் ஏற்கெனவே மேசைக்கு வந்திருக்கும். வெளியிலிருந்து வந்து குவிகிற நூற்றுக்கணக்கான ரெஸ்யூம்களோடு அந்தப் பெயர்களை ஒப்பிட்டால், ஹெச்.ஆரில் இருப்பவர் எதை முதலில் திறப்பார்?

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பல நிறுவனங்களில், நீங்கள் நேரடியாக விண்ணப்பித்துவிட்டால் உங்கள் பெயர் அவர்கள் கணக்கில் ஏறிவிடும். அதன்பிறகு சில மாதங்களுக்கு, உள்ளே இருக்கிற சீனியர் அண்ணன் மனசு வைத்தாலும் உங்களை ரெஃபர் பண்ண முடியாது. ‘ஏற்கெனவே உள்ளது’ என்று திருப்பிவிடும். விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளை முதலில் ஆளைத் தேடிவிட்டு அப்புறம்தான் அப்ளை பண்ணுகிறது. விவரம் சொல்ல ஆள் இல்லாத பிள்ளை, ராத்திரி ஒரு மணி வரை கண்ணில் பட்ட லிங்க்கில் எல்லாம் அப்ளை பண்ணிவிட்டு, காலையில் என்னிடம் வந்து ஒரு இடத்திலிருந்தும் பதில் இல்லை என்று கண் கலங்குகிறது. உழைக்கவில்லை என்று அந்தப் பிள்ளையை யார் சொல்ல முடியும்?

இது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறியவர்களைத் தேடிப் போய், இந்த வேலை இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டார். 1973-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் கணக்கு இருக்கிறது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அடிக்கடி பார்க்கிற ஆளிடமிருந்து தகவல் கிடைத்தவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது பார்க்கிறவரிடமிருந்து கிடைத்தவர்கள் 55.6 சதவீதம். மிக அரிதாகப் பார்க்கிறவர் மூலம் கிடைத்தவர்கள் 27.8 சதவீதம். பழைய கல்லூரித் தோழன், முன்னாள் மேலாளர், எங்கோ வழியில் பார்த்த பழைய சக ஊழியர் என்று இப்படிப்பட்டவர்கள்தான் வேலையைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழித்து, 2022-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இதையே லிங்க்ட்இன்னில் பெரிய அளவில் சோதித்தது. 2 கோடிப் பேர், ஐந்து வருஷம், 200 கோடி புதிய தொடர்புகள், 6 லட்சம் வேலை மாற்றங்கள். நெருங்கிய நட்பைவிட, ஓரளவு தெரிந்த பழக்கம்தான் வேலை மாறுவதற்கு அதிகம் உதவுகிறது என்று அதிலும் தெரிந்தது. முகமே தெரியாத ஆளும் அல்ல, தோளில் கை போடுகிற ஆளும் அல்ல, நடுவில் இருக்கிறவர்.

காரணத்தைப் புரிந்துகொள்ள ஆய்வுகூட வேண்டாம். பெருங்குடியிலோ மேடவாக்கத்திலோ நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருப்பார்கள். நால்வரும் ஒரே கல்லூரி, ஒரே துறை, அநேகமாக ஒரே மாதிரி வேலை. ஒருவருக்கு ஒருவர் உயிரையும் கொடுப்பார்கள். ஆனால் ஒருவனுக்குத் தெரிந்த செய்தி மற்ற மூவருக்கும் தெரியும்; ஒருவனுக்குத் தெரியாதது நால்வருக்கும் தெரியாது. புது இடத்துச் செய்தி புது ஆளிடமிருந்துதான் வரும். என் பிள்ளைகள் அந்த நால்வருக்கு வெளியே போகவே மாட்டேன் என்கிறார்கள். காதில் ஹெட்போன், அலுவலக கேப், அறை. ஞாயிற்றுக்கிழமை துவைப்பதற்கும் தூங்குவதற்கும் போய்விடுகிறது.

ஒரு காலத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இந்த வேலையைச் செய்தன. ஊரிலிருந்து ஒரு பெட்டியோடு போய் இறங்குகிற பையனுக்கு, தூரத்துச் சொந்தமோ ஊர்க்காரரோ சீனியரோ ஓர் அறை வைத்திருப்பார். இவன் தரையில் பாய் போட்டுப் படுப்பான். அந்த அறையில் ஒருவர் மருந்துக் கம்பெனி ரெப், ஒருவர் பத்திரிகையில் புரூஃப் பார்க்கிறவர், ஒருவர் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர், ஒருவர் சினிமாவில் உதவி இயக்குநராகச் சேர அலைகிறவர். காலையில் குளியலறை வாசலில் வாளியோடு நிற்கும்போதும் ராத்திரி மெஸ்ஸில் சாப்பிடும்போதும் எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எங்கே வாக்-இன், எந்த மேனேஜர் நல்லவர் என்று எல்லாச் செய்தியும் காதில் விழும். கஷ்ட ஜீவனம்தான், அதைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. பெண்களுக்கு அங்கே இடமே கிடையாது. ஆனால் வெவ்வேறு வேலை பார்க்கிறவர்களோடு ஒரே கூரையின்கீழ் இருக்கிற பழக்கம் அங்கே கிடைத்தது. இப்போது பையன்கள் பெங்களூரு மடிவாளாவில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஒரு பி.ஜி.க்குப் போகிறார்கள். பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவன் எங்கே வேலை பார்க்கிறான் என்று கேட்டால் தெரியாது என்கிறார்கள்.

வியாபாரக் குடும்பங்களில் இதைச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். நகரத்தார் வீட்டுப் பையனை வேறொருவர் கடையில் பெட்டியடிப் பையனாக விட்டு, அங்கிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் அனுப்பினார்கள். கணக்கு எழுதுவதைப் போலவே யாரிடம் எப்படி நடந்துகொள்வது, யார் சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதும் தொழிலாகக் கற்பிக்கப்பட்டது. கூலி வேலைக்குப் போகிற வீட்டில், நிலம் இல்லாத வீட்டில், முதன்முதலாகப் பட்டம் வாங்குகிற பிள்ளைக்கு இதை யார் கற்பிப்பார்கள்?

அந்த வீடுகளில் இதற்கு எதிரான பாடம் ஒன்று இருக்கிறது. அதைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வராது. ஒரு தகப்பனார், லாரி செட்டில் கணக்கு எழுதுகிறவர், என்னிடம் சொன்னார்: “யாரு கால்லயும் விழாம என் பையன் நிக்கணும்னுதான் மேடம் படிக்க வெச்சேன். இப்ப நீங்க அவனைப் போயி யாரையோ கேளுங்கிறீங்க.” அவர் வாழ்க்கை முழுக்கச் சிபாரிசுக் கடிதத்தோடு வந்தவன் முன்னால் போனதைப் பார்த்தவர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துப் புதுப்பித்துக் காத்திருந்த தலைமுறை. கார்டு வரும் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். யாரையும் தெரிய வேண்டாம், வரிசையில் நின்றால் போதும் என்கிற நியாயம் அவர்களுக்குக் கோயில் மாதிரி. டி.என்.பி.எஸ்.சி. மேல் நம் ஜனங்களுக்கு இருக்கிற பக்தியும் அதனால்தான். 2024-இல் குரூப் 4 தேர்வுக்கு 6,244 இடங்கள் என்று அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தவர்கள் இருபது லட்சம் பேர் அளவில். மதிப்பெண் வாங்கினால் போதும், யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாம் என்று நம்பி அத்தனை பேர் வருகிறார்கள்.

அவரிடம் நான் சொன்னேன், “ஐயா, தகுதி இல்லாத வேலைக்கு ஆளைப் பிடிக்கச் சொல்லலை. தகுதி இருக்குற பையன் இங்க இருக்கான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்னுதான் சொல்றேன். உங்க லாரி செட்டுக்கு டிரைவர் வேணும்னா பேப்பர்ல விளம்பரமா குடுக்குறீங்க? நாலு பேரைத்தானே கேக்குறீங்க?” அவர் யோசித்தார். ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன்.

அவருடைய கோபத்தில் உண்மை இருக்கிறது என்பதுதான் என்னை வாட்டுகிறது. தெரிந்தவரைத் தெரிந்தவர் கூட்டிக்கொண்டு வருகிற வழியில், ஒரே மாதிரி ஆட்களே உள்ளே போய்ச் சேருகிறார்கள். நம் நாட்டில் ஒருவருக்கு யாரைத் தெரியும் என்பதைச் சாதியும் படித்த பள்ளியும் பேசுகிற ஆங்கிலமும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியை வைத்து, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயர் உள்ள விண்ணப்பத்துக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வருகிற வாய்ப்பு, உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு பங்குதான். அதே காலத்தில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் ஆள் எடுக்கும் மேலாளர்களிடம் பேசியபோது, தகுதி ஒன்றைத்தான் பார்க்கிறோம் என்று சொன்ன அதே வாயால், குடும்பப் பின்னணியையும் பார்ப்போம் என்றார்கள். குடும்பப் பின்னணியாம்! ரெஸ்யூமில் எந்தக் கட்டத்தில் அதை நிரப்புவது?

ஆகவே இந்த முறை நியாயமானது என்று நான் வாதாடவே இல்லை. கதவு மூடியிருக்கிறது என்பதற்காக, கதவு எங்கே இருக்கிறது என்றுகூடப் பிள்ளைக்குச் சொல்லாமல் விடுவது அதைவிடப் பெரிய அநியாயம் என்கிறேன். அண்ணாநகரில் பிறந்த பையனுக்குச் சித்தப்பா வழியாக இருபது வயதில் கிடைத்துவிடுகிற அறிமுகங்களை, எங்கள் ஊர்ப் பையன் முப்பது வயதுக்குள் தானே ஒவ்வொன்றாகச் சேர்த்தாக வேண்டும். அதற்கு அவனுக்குக் கிடைக்கிற இடங்கள் இரண்டுதான்: படித்த கல்லூரி, வேலை பார்த்த அலுவலகம். இரண்டையும் அவன் விட்டுவிட்டு வருகிறான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு வயிறு எரிகிறது. நன்றாகப் படித்த பெண், கேம்பஸிலேயே வேலை வாங்கிய பெண், நான்கு வருஷம் நல்ல பெயர் எடுத்த பெண். கல்யாணப் பேச்சு தொடங்கியதும் வீட்டில் முதல் வேலையாகப் போனைச் சுத்தம் பண்ணுகிறார்கள். கிளாஸ் குரூப்பிலிருந்து வெளியேறு, அலுவலகத்துப் பையன்கள் நம்பரை அழி, லிங்க்ட்இன்னில் போட்டோவை எடு. ஓர் அம்மா என்னிடமே சொன்னார், “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாத்தா என்ன நெனைப்பாங்க மேடம், அதான் நானே அழிக்கச் சொன்னேன்.” அப்படி அழிக்கப்பட்டவர்களில் ஒருவர் அந்தப் பெண்ணுடைய டீம் லீடர். இரண்டு முறை அவளுடைய பதவி உயர்வுக்குப் பரிந்து சொன்னவர்.

கல்யாணத்துக்குப் பிறகு ஊர் மாறுகிறது. சிம் கார்டு அப்பா பெயரில் இருந்ததால் நம்பரும் மாறுகிறது. இனிஷியல் மாறுகிறது, பழைய பெயரில் யாராவது தேடினால் அவள் கிடைக்கமாட்டாள். குழந்தை பிறந்து, அது பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் மறுபடி வேலைக்குப் போகலாமா என்று கேட்கிறாள். போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் ஐந்து வருஷ இடைவெளி உள்ள ரெஸ்யூமை வெளியிலிருந்து அனுப்பினால் யாரும் திறக்கமாட்டார்கள். அந்த இடைவெளிக்கு முன்னால் அவள் எப்படி வேலை பார்த்தாள் என்று சொல்லக்கூடிய ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதரைத்தான் அழித்துவிட்டார்களே!

வேலையில் இருக்கும்போதும் அவளுக்கு வழி குறைவு. ஓ.எம்.ஆரில் அலுவலகச் செய்திகள் டீக்கடையில் பரிமாறப்படுகின்றன. எந்த ப்ராஜெக்ட் மூடப்போகிறது, யார் எங்கே மாறப்போகிறார், எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணாடித் தம்ளரோடு நிற்கிற ஆண்கள் கூட்டத்தில் பேசப்படுகிறது. இவள் கேப் பிடிக்க ஓடுகிறாள், அல்லது ஹாஸ்டல் கதவு பூட்டுவதற்குள் போய்ச் சேர ஓடுகிறாள். அங்கே நின்று ஒரு டீ குடித்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும். ஆகவே என் மாணவிகளிடம் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: நம்பர் மாறட்டும், ஊர் மாறட்டும், உன் பெயரில் உனக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கட்டும், அதன் கடவுச்சொல்லை நீ மட்டும் வைத்துக்கொள், உன்னோடு வேலை பார்த்த பெண்களிடமாவது அதைக் கொடு. பெண்கள் பெண்களுக்குச் சொல்லிவிடுவது இன்னும் நம்மிடம் வளரவே இல்லை.

கல்லூரிகள் என்ன செய்கின்றன என்று கேட்காதீர்கள், கோபம்தான் வரும். எங்களுக்கு வேலைவாய்ப்பு என்றால் ஆஃபர் லெட்டர். பிள்ளையின் படத்தோடு சம்பளத்தைப் போட்டு நெடுஞ்சாலையில் பேனர் வைத்ததும் கடமை தீர்ந்தது. அந்தப் பிள்ளை மூன்றாவது வருஷம் என்ன ஆனது என்று எந்த நிர்வாகமும் கேட்பதில்லை. முன்னாள் மாணவர் சங்கம் இருக்கிறது. கல்லூரிகளைத் தரம் பார்க்கிற நாக் அமைப்பின் அளவுகோல்களில் முன்னாள் மாணவர் ஈடுபாடு என்று ஒரு பகுதி வருகிறது. அதனால் சங்கம் பதிவாகிறது, வருஷத்துக்கு ஒரு சந்திப்பு நடக்கிறது. வரவேற்புரை, சிறப்புரை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ, சாப்பாடு. இறுதியாண்டு மாணவர்களை அந்த அரங்குக்குள் விடுவதில்லை. தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கிற தொண்டர்கள் மட்டும் உள்ளே. அமெரிக்காவிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் வந்த சீனியர்கள் ஒரு பக்கம், வேலை தேடுகிற ஜூனியர்கள் சுவருக்கு அந்தப் பக்கம். இருவரையும் ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்காரவைத்தால் போதும் என்று கேட்டுப் பார்க்கிறேன். நிகழ்ச்சி நிரலில் இடம் இல்லை என்கிறார்கள்.

இன்னொன்றும் நடக்கிறது. கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரியில்தான் பிள்ளைகள் லிங்க்ட்இன் கணக்கைத் தொடங்குகிறார்கள். படிப்பு முடிந்த கொஞ்ச நாளில் அந்த முகவரியைக் கல்லூரி மூடிவிடுகிறது. கடவுச்சொல் மறந்தவன் கணக்கு அதோடு போயிற்று. நான்கு வருஷம் சேர்த்த அத்தனை பெயரும் போயிற்று. மூடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொந்த முகவரிக்கு மாற்றிக்கொள் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்ப எவ்வளவு செலவு?

ஜூனியர்களுக்கும் சொல்ல வேண்டும், சீனியர்களுக்கும் சொல்ல வேண்டும்.

ஜூனியர்கள் ‘ஹாய் சார்’ என்று அனுப்புகிறார்கள். பதில் வராவிட்டால் மறுநாள் ‘குட் மார்னிங் சார்’. அதற்கு மறுநாள், எனக்கு ஒரு வேலை வாங்கித் தாருங்கள் என்று ஒரு வரி. அலுவலக நெருக்கடியில் இருப்பவர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? நீ யார், எந்தக் கல்லூரி, எந்த வருஷம், அவர் நிறுவனத்தில் எந்த வேலை எண்ணுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறாய், அதற்கு உனக்கு என்ன தெரியும் என்று ஐந்து வரியில் எழுதி ரெஸ்யூமை இணைத்தால், அவர் கேப்பில் போகும்போதே அதை மேலே தள்ளிவிட முடியும். வேலை கிடைத்தால் சொல். கிடைக்காவிட்டாலும் என்ன ஆயிற்று என்று சொல். பாதிப் பேர் வேலையில் சேர்ந்த செய்தியையே, ரெஃபர் பண்ணின அண்ணனுக்குச் சொல்வதில்லை. அந்த அண்ணன் அடுத்த பையனுக்கு ஏன் செய்ய வேண்டும்?

“அவங்களுக்குக் குடுக்க என்கிட்ட என்ன மேடம் இருக்கு?” என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி, மரியாதை தெரிந்த பிள்ளையின் கேள்வி. இருக்கிறதே அப்பா! இன்றைக்கு இன்டர்வியூவில் உன்னிடம் கேட்ட கேள்விகளை ராத்திரியே எழுதி, நாளைக்குப் போகிறவனுக்குக் கொடு. உனக்குப் பொருந்தாத ஓப்பனிங் கண்ணில் பட்டால், பொருந்துகிறவனுக்கு அனுப்பு. பழைய டீமில் ஒருவருக்குப் புது வேலை கிடைத்தது தெரிந்தால் வாழ்த்து எழுது, அன்றைக்கு எதையும் கேட்காதே. காசு செலவில்லாத காரியங்கள்தான். ஐந்தாறு வருஷம் இப்படி இருந்தவனுக்கு வேலை போனால், அவன் கூப்பிடுவதற்கு முன்னால் நாலு பேர் அவனைக் கூப்பிடுகிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளும் எனக்கு உண்டு. அவர்களிடமிருந்து வேலை கேட்டு எனக்குப் போன் வருவதில்லை. ஆள் இருக்கா மேடம் என்று கேட்டுத்தான் வருகிறது.

சீனியர்களே, உங்கள் மேல்தான் எனக்கு உரிமை அதிகம், கோபமும் அதிகம். இதே வகுப்பறையில், இதே மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து போனவர்கள் நீங்கள். உங்களில் சிலருக்கு முதல் வேலை எப்படிக் கிடைத்தது, எந்த அண்ணன் அறையில் தங்கினீர்கள், யார் பஸ்ஸுக்குக் காசு கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எல்லோருக்கும் வேலை வாங்கித் தர முடியாது என்பதும் தெரியும். தெரியாத பிள்ளைக்கு உங்கள் பெயரை அடகு வைக்கச் சொல்லவில்லை. ரெஸ்யூமைப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் ரெஃபர் பண்ண வேண்டாம். ஆனால் நீல டிக் விழுந்த பிறகு மாதக்கணக்கில் பதிலே இல்லாமல் விடுகிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு பையன் தயங்கித் தயங்கி, மூன்று தடவை அடித்து அழித்து, என்னிடம் காட்டித் திருத்தி வாங்கி அனுப்பின செய்தி அது. யாரையும் எதையும் கேட்காதே என்று வீட்டில் வளர்க்கப்பட்ட பிள்ளை முதன்முதலாக ஒருவரிடம் கேட்டிருக்கிறது. பதில் வரவில்லை என்றால் அப்பா சொன்னதுதான் சரி என்று முடிவு பண்ணிவிடுகிறான். அப்புறம் யாரையும் கேட்கமாட்டான். இப்போது இல்லை என்றாவது எழுதுங்கள். இந்த வருஷம் டெஸ்டிங்குக்கு ஆள் எடுக்கவில்லை, எஸ்.க்யூ.எல். படித்துவிட்டு ஜனவரியில் கேள் என்று எழுதினால், அவன் படித்துவிட்டு ஜனவரியில் கேட்பான்.